"கடைசியா எவ்வளவு மேடம்?": கொடைக்கானலில் வீட்டை நாள் வாடகைக்கு விடுவதில் கற்றுக்கொண்டவை

கொடைக்கானல் நாயுடுபுரத்துக்குச் சற்று அப்பால், மாமனார் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு 2019 முதல் நாள் வாடகைக்கு விட்டு வருகிறேன். இரண்டு படுக்கையறைகள், ஒரு கூடம், சிறிய சமையலறை. ஆறு பேர் தாராளமாகத் தங்கலாம். மேல்தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். வார நாட்களில் 3,500 ரூபாய், சனி ஞாயிறுகளில் 4,500, ஏப்ரல் மே சீசனில் 6,000 என்பது இப்போதைய வாடகை. இந்தத் தொகைகளை விளம்பரத்திலேயே தெளிவாகப் போட்டிருக்கிறேன். ஆனாலும் தொலைபேசியில் வரும் பத்து அழைப்புகளில் ஏழெட்டு, வணக்கத்துக்கு அடுத்த சொல்லாக "கடைசியா எவ்வளவு மேடம்?" என்றுதான் தொடங்குகின்றன.

முதல் இரண்டு ஆண்டுகள் இந்தக் கேள்வி என்னை மிகவும் தடுமாற வைத்தது. குறைக்க மாட்டேன் என்று சொன்னால் வீடு காலியாகக் கிடக்குமே என்ற பயம் ஒரு பக்கம், குறைத்துக் கொடுத்த பிறகு ஏமாந்துவிட்டோமே என்ற மனத்தாங்கல் இன்னொரு பக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பல மாதங்கள் மலைப்பாதையில் சுற்றுலா வாகனமே இல்லாமல் போய், பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் வரத் தொடங்கியபோது, யார் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்தேன். 1,200 ரூபாய்க்குக்கூட ஓர் இரவு கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்த ஒரு மாதத்தில் பதினாறு இரவுகள் வீடு நிறைந்திருந்தது. மாதக் கடைசியில் சலவைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் பாக்கி சொன்னேன்.

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து, ஒரு குடும்பம் ஓர் இரவு தங்கிப் போனால் கையிலிருந்து என்ன செலவாகிறது என்று முதன்முறையாக எழுதிப் பார்த்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றின் சலவைக்கு 320 ரூபாய். வீட்டைச் சுத்தம் செய்ய வரும் அக்காவுக்கு 400. கீசருக்கும் அறைச் சூடாக்கிக்கும் மின்சாரம் 200. ஆறு பேருக்குக் காலை உணவு 360. எரிவாயு, தேயிலைத்தூள், பால், சோப்பு என்று 120. கூட்டினால் 1,400 ரூபாய். கோடையில் நகராட்சித் தண்ணீர் போதாமல் லாரித் தண்ணீர் வாங்கும் நாட்களில் இன்னும் 250 சேரும். மெத்தை மாற்றுவது, குழாய் பழுது, சொத்து வரி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பது ஆகியவற்றையெல்லாம் பகிர்ந்து போட்டால், 2,400 ரூபாய்க்குக் கீழே எந்த இரவையும் கொடுக்க முடியாது என்று தெரிந்தது. 1,200 ரூபாய்க்குக் கொடுத்த இரவுகளில், வந்தவர்களுக்கு வீட்டையும் கொடுத்து, கூடவே 200 ரூபாய்க்கு மேல் பணத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

புதிதாக வீட்டை வாடகைக்கு விட நினைக்கும் யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இந்தக் கணக்கைப் போடச் சொல்கிறேன். என் கையில் அந்த எண் இல்லாத வரை, ஒவ்வொரு பேரமும் எனக்கும் எதிரே பேசுகிறவருக்கும் இடையிலான மானப் பிரச்சினையாக இருந்தது. எண் கைக்கு வந்த பிறகு அது வெறும் கணக்காகிவிட்டது; குரலில் பதற்றம் போய்விட்டது. "காலியாக் கெடக்குறதுக்கு ஏதோ வந்தாப் போதும்னு குடுங்களேன்" என்று ஒருவர் சொல்லும்போது, காலியாக இருந்தால் எனக்குச் செலவு இல்லை, உங்களுக்கு அந்த விலைக்குக் கொடுத்தால் செலவு உண்டு என்று அமைதியாகச் சொல்ல முடிகிறது.

பேரம் பேசுவதையே குற்றமாக நான் நினைக்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினாலும் கொசுறாகக் கறிவேப்பிலை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தள்ளுபடி கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஐந்நூறு ரூபாய் முக்கியமே இல்லை என்பது பல முறை பேசிய பிறகு எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இதே இடத்தில் குறைந்த விலைக்குத் தங்கியிருந்து, நாம் மட்டும் கேட்காமல் விட்டு முழு வாடகை கொடுத்துவிட்டோமோ என்ற எண்ணம்தான் அவர்களைக் கேட்க வைக்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதி வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்கு, தேதிக்குரிய வாடகையை மட்டும் மாற்றி, அதை அனுப்புகிறேன்:

"வணக்கம். நீங்கள் கேட்ட தேதிகளில் வீடு இருக்கிறது. குழந்தைகளையும் சேர்த்து ஆறு பேர் வரை, இரவுக்கு 3,500 ரூபாய். காலை உணவு இதில் அடங்கும். ஏழு இரவுகள் தங்கினாலோ, ஜூலை ஆகஸ்டு வார நாட்களில் மூன்று இரவுகள் தங்கினாலோ வாடகை குறையும். மற்ற நாட்களில் எல்லோருக்கும் இதே வாடகைதான். வருகிறவர்களின் பெயர், வயது, வாகனங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அனுப்பினால் உறுதி செய்கிறேன்."

'எல்லோருக்கும் இதே வாடகைதான்' என்ற தொடரைச் சேர்த்த பிறகு, மறுபடி மறுபடி கேட்பவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். அதன் பிறகும் ஆசையாகக் கேட்பவருக்கு விலையைக் குறைப்பதில்லை; புறப்படும்போது பூம்பாறையில் விளைந்த மலைப்பூண்டு கால் கிலோவைக் கொசுறாகக் கட்டிக் கொடுக்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு என்று சொல்லிக் கொடுத்தால், முகத்தில் தெரியும் மகிழ்ச்சி 500 ரூபாய் குறைத்தபோது ஒருவர் முகத்திலும் நான் கண்டதில்லை.

ஏழு இரவுகளுக்கு ஏன் குறைக்கிறேன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஏழு குடும்பங்கள் ஓரோர் இரவு தங்கினால் சலவையும் சுத்தமும் ஏழு முறை. 720 வீதம் 5,040 ரூபாய். ஒரே குடும்பம் ஏழு இரவுகள் தங்கினால் இரண்டு முறை போதும், 1,440. மிச்சமாகும் 3,600 ரூபாயில் 3,500ஐ அவர்களுக்கே விட்டுக்கொடுத்து, 26,500 வர வேண்டிய இடத்தில் 23,000 வாங்கிக்கொள்கிறேன். மதுரையிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி ஆண்டுதோறும் ஜூலையில் பத்து நாள் வருகிறார்கள். முதல் முறை அந்த அம்மா தொலைபேசியில், "ஜூலையில உங்களுக்குக் காலியாத்தான இருக்கும், எங்களுக்கும் கூட்டம் இல்லாம இருக்கணும், பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார். என்னுடைய தேவையையும் சேர்த்து யோசித்துவிட்டுக் கேட்டவர் அவர். காரணத்தோடு வரும் இத்தகைய கேட்புக்கு உடனே இசைகிறேன்.

இன்னொரு வகைப் பேரம் வீட்டுக்குள்ளேயே நடக்கும். என்னிடம் விலை கேட்டுவிட்டு, "சார் இல்லையா? சார்கிட்ட பேசிக்கிறோம்" என்று என் கணவரின் எண்ணை வாங்கி, அவரிடம் "மேடம் 3,000க்குச் சொன்னாங்க" என்று தொடங்குவார்கள். அவர் கூச்ச சுபாவம் உடையவர். நான் சொல்லியிருப்பேன் என்று நம்பிச் சரி என்றுவிடுவார். இதனால் எங்களுக்குள் இரண்டு மூன்று முறை மனக்கசப்பு வந்தது. இப்போது யார் அழைத்தாலும் "வாடகை எல்லாம் வீட்டுக்காரம்மாதான் முடிவு பண்ணுவாங்க" என்ற ஒரே வரியைத்தான் அவர் சொல்கிறார். விலை சொல்லும் வாய் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் எழுத்தில் இருப்பது நல்லது.

விலையைப் பேசுகிறவர்களைவிட எனக்கு உண்மையான இழப்பை ஏற்படுத்தியவர்கள், ஆட்களின் எண்ணிக்கையில் விளையாடியவர்கள். ஒரு டிசம்பர் விடுமுறையில் ஆறு பேருக்கு என்று முன்பதிவு செய்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கு ஒரு டெம்போ டிராவலரில் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவராகப் படியிறங்க, எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். அவர்களில் ஒரு கைக்குழந்தை, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டி ஸ்வெட்டர்கூட இல்லாமல் சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றி இழுத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவர்களைத் திருப்பி அனுப்ப என்னால் முடியவில்லை. எங்கள் மேல்தளத்திலிருந்த கம்பளிகளையும் இறக்கிக் கொடுத்தேன். கூடுதல் ஆட்களுக்கு ஆளுக்கு 400 ரூபாய் என்று சொன்னபோது, காலையில் தருகிறோம் என்றார்கள்.

காலை ஆறரை மணிக்கு மோட்டார் காற்றை இழுக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். ஆயிரம் லிட்டர் மேல்தொட்டி வற்றியிருந்தது, கீழ்த்தொட்டியும் வற்றியிருந்தது. கீழ்த்தளத்துக் குளியலறையில் குழாய் தும்மித் தும்மிச் சிவந்த நீரைக் கக்கியது. தண்ணீர் லாரி பதினொரு மணிக்குத்தான் வந்தது. கூடுதல் பணத்தை அவர்கள் கொடுக்கவில்லை. "தண்ணியே இல்லாத வீட்டுக்கு எதுக்கு எக்ஸ்ட்ரா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் இணையத்தில் இரண்டு நட்சத்திரங்களோடு, தண்ணீர் வசதி இல்லாத வீடு என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது வந்த வலி பல நாட்கள் போகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாற்றங்களைச் செய்தேன். முன்பணம் வாங்குவதற்கு முன்பே எல்லோருடைய பெயரும் வயதும் எழுத்தில் வந்துவிட வேண்டும். குழந்தை என்று சொல்லி எண்ணிக்கையிலிருந்து கழிக்கக் கூடாது, ஏனென்றால் குழந்தைக்கும் தண்ணீரும் படுக்கையும் வேண்டும். சாவியைக் கொடுப்பதற்கு முன், வாசலிலேயே, பட்டியலோடு ஆட்களைச் சரிபார்த்து அடையாள அட்டைகளை வாங்கிக்கொள்கிறேன். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை இணையத்தில் அரசிடம் பதிய வேண்டிய சட்டக் கடமை இருப்பதால், பாஸ்போர்ட் காட்ட மறுப்பவருக்கு வீடு இல்லை. விலையில் நூறு இருநூறு முன்பின்னாகப் போனாலும் தாங்கலாம். ஆட்களின் எண்ணிக்கையில் ஒருவரைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

நியாயமற்றது போலத் தோன்றும் எல்லாக் கேட்பும் நியாயமற்றதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர்கள் விடிகாலையில் மூஞ்சிக்கல்லில் வந்து நிற்பார்கள். எங்கள் வீட்டில் நுழைவு நேரம் மதியம் ஒரு மணி. "ஆறு மணிக்கே ரூம் குடுங்க, அதுக்குத் தனியா காசு கேக்காதீங்க" என்ற கோரிக்கையை நான் தொடக்கத்தில் எரிச்சலோடு மறுத்து வந்தேன். ஒருநாள் பெருமாள்மலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, அப்படி நான் மறுத்த ஒரு குடும்பம் சாலையோரக் கல்லில் பைகளை வைத்துக்கொண்டு, தூங்கிப்போன குழந்தையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்த வாரமே வெளிப்புறக் குளியலறைக்கு ஒரு சிறிய கீசர் பொருத்தினேன். முந்தைய விருந்தினர் காலி செய்யும் வரை திண்ணையில் பைகளை வைத்துக்கொள்ளலாம், குளிக்கலாம், தேநீர் உண்டு. இதற்குக் கட்டணம் இல்லை. அறை மட்டும் ஒரு மணிக்குத்தான். இதுவரை வேறு எந்தத் தள்ளுபடியும் எனக்கு இவ்வளவு நல்ல பெயரை வாங்கித் தந்ததில்லை.

இ-பாஸ் வந்த பிறகு விசாரிப்புகளில் புதிய சிக்கல் ஒன்று சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, பயணத்துக்கு முந்தைய நாள் பாஸ் கிடைக்கவில்லை, முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள் என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அந்தச் சனிக்கிழமைக்காக நான் வேறு மூன்று குடும்பங்களை மறுத்திருப்பேன். ஆகவே இப்போது முன்பணம் கேட்பதற்கு முன் பாஸை எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வாகனப் பாஸ் கிடைக்காதவர்களுக்கு, அரசுப் பேருந்துக்கு அந்த வரம்பு இல்லை, கொடைரோடு வரை ரயிலில் வந்து பேருந்து பிடிக்கலாம் என்று எழுதுகிறேன்.

வேறு சில கேட்புகளுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அலுவலகத்தில் காட்டுவதற்கு வாடகையைக் கூட்டிப் போட்டுப் பில் கேட்பவருக்கு, வாங்கிய தொகைக்குத்தான் ரசீது. இன்ஸ்டாகிராமில் ஒரு லட்சம் பேர் தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லி இரண்டு இரவுகள் இலவசமாகக் கேட்பவருக்கு, நன்றியோடு மறுப்பு. தோட்டத்தில் தீமூட்டி ஆட வேண்டும் என்பவருக்கும் மறுப்புதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காய்ந்த சருகு நிறைந்த மலையில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதைக் காட்டுத்தீ எரியும் இரவுகளில் எங்கள் மாடியிலிருந்தே பார்த்திருக்கிறோம். 2025 செப்டம்பர் 22இல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தபோது, "நீங்களும் குறைங்க" என்று பலர் கேட்டார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் நான் ஜிஎஸ்டி பதிவு பெறவில்லை, நேரடி வாடகையில் அந்த வரியே இல்லை என்று விளக்கியதும் புரிந்துகொண்டார்கள். ஏர்பிஎன்பி போன்ற முன்பதிவு இணையதளம் வழியாக வந்தால் வரியைத் தளமே வாங்கிக் கட்டிவிடும்.

தளம் வழியாக விசாரித்துவிட்டு, "நம்பர் குடுங்க, நேரடியா பேசிக்கலாம், கமிஷன் மிச்சம்" என்பவர்களும் உண்டு. ஆசை வரத்தான் செய்யும். நான் பதிந்திருந்த முறையில் என்னிடம் 3 விழுக்காடும் விருந்தினரிடம் சுமார் 14 விழுக்காடும் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் அங்கே வந்தவரை அங்கேயேதான் வைத்துக்கொள்கிறேன். விதிப்படியும் அதுதான் சரி, சேதம் நேர்ந்தால் முறையிட ஓர் இடமும் இருக்கும். குறைக்க விரும்பினால் அங்கேயே சிறப்புச் சலுகையாக ஒரு தொகையை அனுப்பலாம். 24 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடுவதால், பேரம் இழுத்துக்கொண்டே போகாமல் ஒரு முடிவுக்கு வரும். நல்ல மதிப்பீடு வேண்டுமானால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று மிரட்டுகிறவருடன் தொலைபேசியில் பேசக் கூடாது. தளத்தின் செய்திப் பெட்டியிலேயே பேச்சைத் தொடர வேண்டும். அந்த மிரட்டல் எழுத்தில் இருந்தால், அதைக் காட்டி மதிப்பீட்டை நீக்கக் கோரலாம்.

இத்தனை பேரம் பேசியவர்களையும் பார்த்த பிறகு, என்னிடமிருந்து பெருந்தொகையைப் பறிக்க வந்தவர் ஒரு ரூபாய்கூடத் தள்ளுபடி கேட்கவில்லை. ராணுவ அதிகாரி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். நான்கு இரவுகள், சீசன் வாடகை, 24,000 ரூபாய்க்கு மறுபேச்சின்றிச் சம்மதித்தார். எத்தனை அறை, தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று எதையும் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. பிறகு ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி ரகசிய எண் போடுங்க மேடம், அட்வான்ஸ் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்" என்றார். பக்கத்தில் இருந்த என் மகன் கைபேசியைப் பிடுங்கி வைத்தான். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. இதே முறையில் எங்கள் ஊரிலேயே இன்னொரு வீட்டுக்காரர் 18,000 ரூபாயை இழந்திருந்தார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை எல்லா வீட்டுக்காரர்களும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தங்க வருகிற குடும்பம் எதையாவது கேட்கத்தான் செய்யும். கேள்வியே இல்லாமல் வரும் பெரிய தொகையைக் கண்டால் இப்போது நான் நின்று யோசிக்கிறேன்.

ஒரே ஒரு வகை விசாரிப்புக்கு மட்டும் நான் பதிலே அனுப்புவதில்லை. "அசைவம் சமைக்காத பாத்திரம் கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்காகத் தனியே ஒரு தொகுதிப் பாத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன்; அது அவரவர் பழக்கம். ஆனால் "இதுக்கு முன்னாடி தங்கினவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவருக்கு, எந்த வாடகைக்கும் இந்த வீட்டுச் சாவி கிடையாது.

இவற்றுக்கெல்லாம் பிறகும் மாதத்தில் எட்டுப் பத்து இரவுகள் வீடு காலியாகத்தான் இருக்கிறது. முன்பு அந்த நாட்களில் கைபேசியைப் பார்த்தபடியே இருப்பேன். மூடுபனி நாட்கணக்கில் விலகாத ஊரில் கம்பளிகளில் ஈர வாடை தங்கிவிடும். ஆட்கள் அடுத்தடுத்து வந்தால் அவற்றை உலர்த்த நேரமே கிடைக்காது. இப்போது விருந்தினர் இல்லாத நாளில் பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும் சுத்தம் செய்ய வரும் அக்கா குரல் கொடுப்பார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பன்னிரண்டு கம்பளிகளையும் உதறிக் கொடியில் போட்டுவிட்டு, மெத்தைகளைத் திருப்பி நிறுத்தி, எல்லா ஜன்னல்களையும் திறந்து வைக்கிறோம்.